தூங்கிக் காட்டியவர்

தொழிற்சாலையில் இன்றைக்கும் அவரைத் திருந்திய குடிகாரர் என்றுதான் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். ஸ்டோரில் உட்கார்ந்து பிளாஸ்டிக் வாளிகளுக்கான கைப்பிடிகளை எடுத்துக் கொடுக்கிறார். பழைய ஆட்கள் யாராவது வந்தால், "என்னண்ணே, தொடவே இல்லையா?" என்று கேட்பார்கள். "இல்லப்பா" என்பார். அது உண்மைதான். வாழ்க்கையில் ஒரு முறைகூட அவர் குடித்ததில்லை.

பல வருஷம் அந்தத் தொழிற்சாலையின் ஊழியர் பேருந்தை ஓட்டியவர் அவர். மறுபடியும் ஓட்டலாம் என்று மருத்துவர் சொல்லிவிட்டார். அவர்தான் வண்டியைக் கேட்கவில்லை. ஏன் கேட்கவில்லை என்று விசாரித்தவர்களும் இல்லை. குடிகாரனுக்கு ஸ்டீயரிங் எதற்கு என்று அவர்களாகவே முடிவு கட்டிக்கொண்டார்கள்.

ஓட்டிக்கொண்டிருந்த காலத்தில் அவருக்கு ‘டபுள்’ என்று பெயர். டபுள் டிக்கெட் என்பதன் சுருக்கம். இருக்கையைக் கடைசிவரை பின்னால் தள்ளிய பிறகும் வயிறு ஸ்டீயரிங்கைத் தொட்டது. வளைவுகளில் திருப்பும்போது அது வயிற்றில் உரசும். எல்லாச் சட்டைகளிலும் அந்த இடத்தில் ஒரு கறுப்புக் கோடு விழுந்திருந்தது. மனைவி சலவைக் கடையில் இஸ்திரி போடுகிறவள். ஊரார் துணியில் இருக்கும் கறையெல்லாம் அவள் கைக்குப் போயிற்று. இந்தக் கோடு மட்டும் போகவில்லை.

"டபுள் ஏறிட்டாரா? அப்ப வண்டி ஃபுல், கிளம்பலாம்" என்பார்கள் பின் இருக்கைக்காரர்கள். மற்றவர்கள் சிரிப்பதற்கு முன் அவர் சிரித்துவிடுவார். முந்திக்கொண்டால் வலி குறையும் என்பதைப் பள்ளிக்கூடத்திலேயே கற்றிருந்தார்.

விபத்து நடந்தது காலை ஷிப்டில். நேரான சாலை. பனி இல்லை, மழை இல்லை, குறுக்கே நாய்கூட இல்லை. அவர் கண்ணைத் திறந்தபோது தொழிற்சாலைக்கு எதிரே இருந்த நிழற்குடையின் தகரக் கூரை முன் கண்ணாடியில் படுத்திருந்தது. நிழற்குடையில் நல்லவேளையாக யாரும் இல்லை. பேருந்துக்குள் பேக்கிங் பிரிவுப் பெண் ஒருத்தி முன் சீட்டின் கம்பியில் மோதி முன்பற்களை இழந்திருந்தாள். கையில் ரத்தத்தோடு அவள் எதையோ தேடிக்கொண்டிருந்தாள். தன் பல்லைத் தேடுகிறாள் என்று புரிந்ததும் அவர் கதவைத் திறந்து இறங்கிப் போய்விட்டார்.

விபத்து செய்த டிரைவர்கள் ஓடிவிடுவார்கள். அவரால் ஓட முடியாது. நடந்தார். நடுவில் இரண்டு இடத்தில் நின்று மூச்சு வாங்கினார். யாரும் துரத்தவில்லை. இவ்வளவு பெரிய மனிதர் தப்பித்துப் போய்க்கொண்டிருக்கிறார் என்று யாருக்கும் தோன்றவில்லை போலிருக்கிறது.

மறுநாள் பணியாளர் அதிகாரியின் அறைக்குப் போனார். உண்மையைச் சொல்லிவிடுவது என்றுதான் போனார். அதிகாரி கதவைச் சாத்தச் சொன்னார்.

"ஓடிட்டியே. குடிச்சிருந்தியா?"

அவர் வாயைத் திறப்பதற்குள் அதிகாரி தொடர்ந்தார். "குடிச்சிருந்தா ஒளிக்காம சொல்லு. முதல் தடவைக்குக் கம்பெனியே வைத்தியம் பார்க்கும். ஒரு மாசம் படுத்துட்டு வா, உன் வேலை உனக்கு. நம்ம வெல்டர் போயிட்டு வரலையா? மயக்கம் கியக்கம்னு ஏதாவதுன்னா என்கிட்ட சொல்லாத. லைசென்ஸே போயிடும், நான் ஒண்ணும் பண்ண முடியாது."

அவர் தலையை ஆட்டினார். எதற்கு ஆட்டினார் என்று அதிகாரி கேட்கவில்லை.

வேலைக்காக மட்டும் ஆட்டினார் என்று சொல்ல முடியாது. குடித்துவிட்டு இடித்தவனைத் திட்டுவார்கள். பிறகு, பாவம், நல்ல மனுஷன், குடிதான் கெடுத்தது என்பார்கள். தூங்கி இடித்தவனை, அதுவும் இவ்வளவு குண்டாக இருப்பவனை, பார்த்துச் சிரிப்பார்கள். அந்தச் சிரிப்பை அவர் முந்திக்கொள்ள முடியாது.

வீட்டில் மனைவி இஸ்திரித் துணியை மடித்துக்கொண்டிருந்தாள்.

"குடிச்சேன்னா சொன்னீங்க?"

"அவரே கேட்டார். நான் வாயே தெறக்கல."

"உங்க அண்ணன் செத்தன்னிக்கு, நம்ம வீட்ல அந்த வாடையே வரக்கூடாதுன்னு சொன்ன மனுஷனாங்க நீங்க?"

"வாடை எங்க வந்துச்சு? பேர்தானே வருது."

"வாடைன்னா கழுவினாப் போயிடும்."

மடித்த துணியை அடுக்கிவிட்டு அவளே கேட்டாள். "பாப்பா ஸ்கூல்லேருந்து வந்து கேட்டா என்ன சொல்றது?"

"டிரெய்னிங்னு சொல்லு."

அவள்தான் பை கட்டினாள். சட்டைகளுக்கு நடுவில் அவர் செருகி வைத்திருந்த டின் பால் கைக்கு அகப்பட்டது. இனிப்புப் பால், கெட்டியானது. ஸ்க்ரூடிரைவரால் மூடியில் இரண்டு துளை போட்டு உறிஞ்சுவார். ஒவ்வொரு நடை முடிந்ததும் ஒன்று. அவள் டின்னை எடுத்து அலமாரியில் வைத்துவிட்டு, அந்த இடத்தில் ஒரு துண்டை மடித்து வைத்தாள்.

குடி மறக்கவைக்கும் அந்த மருத்துவமனை ஒரு பழைய இரண்டு மாடிக் கட்டடம். வரிசையாக இரும்புக் கட்டில்கள். அவர் உட்கார்ந்ததும் கட்டில் கத்தியதில் வார்டே திரும்பிப் பார்த்தது. ஒரு ஊழியர் வந்து கட்டிலுக்கு அடியில் பலகை கொடுத்துவிட்டுப் போனார்.

சேர்க்கும்போது மருத்துவர் கேள்விகள் கேட்டார். எப்போதிலிருந்து, என்ன, எவ்வளவு, காலையிலுமா, கை நடுங்குமா. அவருக்கு ஒரே ஒரு குடிகாரரைத்தான் அருகிலிருந்து தெரியும். செத்துப்போன அண்ணனின் கதையை எடுத்துத் தன் கதையாகச் சொன்னார். பல் தேய்ப்பதற்கு முன்பே குடித்தது, பாட்டிலைக் கழிப்பறைத் தொட்டிக்குள் தொங்கவிட்டது, மஞ்சளாகிப் போன கண். எல்லாம் சரளமாக வந்தது.

"குடும்பத்துல வேற யாராவது குடிச்சாங்களா? அப்பா, அண்ணன் தம்பி?"

"இல்ல சார்."

அண்ணன் இரண்டாவது முறை செத்தது போலிருந்தது அவருக்கு.

ஸ்கேன் எடுத்தார்கள். மருத்துவர் படத்தை வெளிச்சத்தில் தூக்கிக் காட்டினார். "கல்லீரல்ல கொழுப்பு அப்பிக் கெடக்கு பாருங்க. வீங்கியும் இருக்கு. இத்தனை வருஷக் குடிக்கு இது ஆச்சரியம் இல்ல."

பொய்க்கு உடம்பே சாட்சி சொல்லிவிட்டது. முதலில் நிம்மதியாக இருந்தது. வார்டுக்குத் திரும்பும் வழியில்தான் வயிற்றின் வலப்பக்கத்தைத் தொட்டுப் பார்த்தார்.

பக்கத்துக் கட்டிலில் ஒரு பெயிண்டர். சுவருக்கு வண்ணம் அடிப்பவர், ஒல்லி, வயது குறைவு. டீ கிளாஸை இரண்டு கையாலும் பிடித்தாலும் பாதி போர்வையில் சிந்தும்.

"ஸ்கேல் வைக்காம நேர் கோடு போட்ட கை அண்ணே இது. இப்ப டீயில அலை அடிக்குது."

பெயிண்டர் குளியலறை ஜன்னலில் சிகரெட் பிடித்து மாட்டிக்கொள்வார். மருத்துவர் திட்டுவார். "கல்லீரலக் காப்பாத்திட்டு நுரையீரலக் கொடுக்கப் போறியா?"

"ஒண்ண விடச் சொன்னீங்க, விட்டாச்சு சார். ரெண்டையும் ஒரேயடியா விட்டா அப்புறம் நான்னு என்ன மிச்சம்?"

முதல் வாரம் அந்த வார்டில் சிலர் வாந்தி எடுத்தார்கள். ஒருவர் போர்வையில் பூச்சி ஊர்வதாகச் சொல்லி உதறிக்கொண்டே இருந்தார். வலிப்பு வந்த ஒருவரை நான்கு பேர் பிடித்துக்கொண்டார்கள். அவர்களுக்கு நடுவில் இவருக்குப் பசித்தது. சாப்பிட்டு முடித்து இன்னொரு முறை கேட்டார். தட்டை நீட்டியபோது கையை யாராவது பார்க்கிறார்களா என்று தோன்றியது. கொஞ்சம் ஆட்டிப் பார்த்தார். நன்றாக வரவில்லை.

"உங்களுக்குக் கை ஆடவே இல்லையேண்ணே" என்றார் பெயிண்டர்.

"உடம்பு பெருசுல்ல. தாங்குது."

"கொடுத்து வச்சவர். எனக்கெல்லாம் எலும்புலதான் தாங்கணும்."

நடுக்கமும் வலிப்பும் வராமலிருக்க எல்லோருக்கும் மாத்திரை கொடுத்தார்கள். தூக்கம் வரவைக்கும் மாத்திரை. நர்ஸ் எதிரில் நின்று விழுங்கும்வரை பார்ப்பார். அவரும் விழுங்கினார். மாத்திரை இல்லாமலேயே உட்கார்ந்த இடத்தில் தூங்குகிறவர் அவர். இப்போது மதிய ஓய்வில் படுத்தால் கிணற்றுக்குள் கல் போட்டதுபோல் போனார். எழுந்தால் தலை வலித்தது. உதடு வறண்டு, எங்கோ மூழ்கி மேலே வந்ததுபோல் நெஞ்சு அடித்துக்கொண்டது.

ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தார் வரும் நாள். மனைவி தனியாக வந்தாள். கூட்டத்துக்கு அழைப்பதற்கு முன், கட்டிலருகில் நின்றவளிடம் பெயிண்டர் வந்தார்.

"அண்ணி, ஒண்ணு சொன்னாத் தப்பா எடுத்துக்காதீங்க. அண்ணன் குறட்டை விடுறது பரவால்ல, லாரி பக்கத்துல படுத்த மாதிரிதான், பழகிடுச்சு. அது திடீர்னு நிக்குது. மூச்சும் சேர்ந்து நிக்குது. மாத்திரை போட ஆரம்பிச்சதுலேருந்து ரொம்ப நேரம் நிக்குது. நேத்து உதடெல்லாம் ஒரு மாதிரி ஆயிடுச்சு. பயந்துபோய் ஒதச்சிட்டேன்."

"நானும் ஒதச்சிருக்கேன்" என்றாள் அவள். பிறகு, "என்ன மாத்திரை?"

"நடுக்கத்துக்கு."

"இவருக்கு எங்க நடுக்கம்?"

பெயிண்டர் அவரைப் பார்த்தார். அவர் ஜன்னலைப் பார்த்தார். அதற்குள் மணி அடித்துவிட்டது.

கூட்டம் கீழ்மாடி ஹாலில். பிளாஸ்டிக் நாற்காலிகளை வட்டமாகப் போட்டிருந்தார்கள். கை வைத்த நாற்காலிகள். அவர் தன்னைத் திணித்துக்கொண்டு உட்கார்ந்தார். ஆலோசகர் அம்மா மெதுவாகப் பேசுகிறவர். ஒவ்வொரு குடும்பமாகக் கேட்டு வந்தார். பெயிண்டரின் அம்மா அழுதுகொண்டே சொன்னார். பிறகு இவர் மனைவியின் முறை வந்தது.

"வீட்ல எப்படி இருப்பார்? மனசுல உள்ளதச் சொல்லுங்கம்மா."

அவள் கைப்பையின் வாரைச் சுற்றிக்கொண்டே இருந்தாள்.

"மறைச்சு வைப்பார்" என்றாள். "தண்ணித் தொட்டிக்குப் பின்னால. வண்டி டூல் பாக்ஸ்ல. ஒரு இடத்தக் கண்டுபிடிச்சா அடுத்த நாள் வேற இடம். காலியானதக் கழுவித் தொடச்சு முன்ன இருந்த மாதிரியே வைப்பார், நான் தூக்கிப் பார்க்க மாட்டேன்னு. நான் தூக்கிப் பார்ப்பேன். லேசா இருக்கும். சாப்பிடறப்ப என் முன்னால கொஞ்சமா சாப்பிடுவார். நான் அந்தப் பக்கம் போனதும் கதவுக்குப் பின்னால நிப்பார். வேணாங்கன்னா சிரிப்பார். அழுதாலும் சிரிப்பார். எத்தனையோ தடவ நாளைலேருந்து இல்லன்னு சொல்லியிருக்கார். நான் அடுத்த அறையில படுக்கறேன். காலைல எந்திரிச்சதும் முதல்ல போய் மூச்சு இருக்கான்னுதான் பார்ப்பேன்."

"அதேதாம்மா, அதே" என்றார் பெயிண்டரின் அம்மா.

ஹாலில் எல்லாத் தலைகளும் ஆடின. அவர் காது சூடாகிவிட்டது. அவள் ஒரு பொய்கூடச் சொல்லவில்லை. இதையெல்லாம் அவள் பார்த்துக்கொண்டிருந்தாள் என்பதே அவருக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

"அடிப்பாரா?" என்றார் ஆலோசகர்.

"சேச்சே, இல்ல."

ஆலோசகர் அவள் கைமேல் கையை வைத்தார். "இங்க பயப்பட வேணாம். அவர் முன்னால சொல்றது கஷ்டம்தான். சொன்னாத்தான் அவருக்கும் நல்லது."

"இல்ல மேடம்."

"ஒரு தடவகூடவா?"

எல்லோரும் அவர் கைகளைப் பார்த்தார்கள். பெரிய கைகள். அவற்றை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. மனைவியும் அவரைப் பார்த்தாள். அவர் வேலை, அவர் சொன்ன பொய், ஒரு மாதத்தில் முடியப்போகும் கணக்கு எல்லாம் அவள் முகத்தில் வந்து போயின. தலையைக் குனிந்துகொண்டாள்.

"எப்பவாவது" என்றாள்.

அவர் எழுந்தார். நாற்காலியும் கூடவே எழுந்தது. இடுப்பில் மாட்டிக்கொண்ட நாற்காலியைப் பக்கத்தில் இருந்தவர் இழுத்துவிட வேண்டியிருந்தது. யாரோ சிரிப்பை அடக்கினார்கள்.

"அவ பொய் சொல்றா. நான் அடிச்சதே இல்ல. குடிச்சதும் இல்ல."

இப்போது அடக்காமலே சிரித்தார்கள். ஆலோசகருக்குக் கோபம் வரவில்லை. "பரவால்ல சார், உக்காருங்க. எல்லாரும் ஒரு கட்டத்துல இதச் சொல்வாங்க."

"நான் போன தடவ வந்தப்ப இதத்தான் சொன்னேன்" என்றார் ஒருவர்.

"நிஜந்தான் மேடம்" என்றாள் மனைவி. "அவர் குடிக்க மாட்டார்."

ஆலோசகர் இன்னும் இரக்கத்தோடு அவள் பக்கம் திரும்பினார். "இப்பத்தானேம்மா எல்லாம் சொன்னீங்க? தொட்டிக்குப் பின்னாலன்னு?"

"அது பால் மேடம். டின் பால்."

இந்த முறை யாரும் சிரிக்கவில்லை. மனைவியின் மனம் தடுமாறிவிட்டது என்று நினைத்தார்கள் போலும். பெயிண்டரின் அம்மா தண்ணீர் கொண்டுவரச் சொன்னார்.

மருத்துவரை அழைத்து வந்தார்கள். அவர் நின்றபடியே கேட்டுக்கொண்டார். "கல்லீரலப் பார்த்தாச்சு சார். அதுக்குப் பொய் சொல்லத் தெரியாது."

"தூக்கம் சார். வண்டியில தூங்கிட்டேன்."

"குடிச்சா தூக்கம் வரத்தான் செய்யும்."

பெயிண்டர் மெல்ல எழுந்தார். "சார், அவருக்குக் கை ஆடல. ஒரு நாள்கூட ஆடல. தூங்கறப்ப மூச்சு நிக்குது. ரெண்டு நாளாச் சொல்லணும்னு பார்த்தேன். நமக்கெதுக்குன்னு விட்டுட்டேன்."

மருத்துவர் முதல் முறையாக அவர் கழுத்தைப் பார்த்தார். சட்டைக் காலரின் மேல் பட்டன் அந்தக் கழுத்தில் எந்தக் காலத்திலும் மாட்டியிருக்காது.

"அவரப் படுக்கச் சொல்லுங்க சார்" என்றாள் மனைவி. "நீங்களே நின்னு பாருங்க."

"வேணாம்" என்றார் அவர். "எல்லாரும் இருக்காங்க."

"எல்லாரும் இருக்கட்டும்."

வார்டில் ஓய்வு நேரம். அவர் கட்டிலில் மல்லாந்து படுத்தார். பலகை முனகியது. சட்டை மேலேறி வயிறு தெரிந்தது. இழுத்துவிட்டார், மறுபடியும் ஏறியது. மருத்துவர் கால்மாட்டில் நின்றார். நர்ஸ், ஆலோசகர், பெயிண்டர், மனைவி. வாசலில் இன்னும் சிலர். இத்தனை பேர் பார்க்க யாருக்குத் தூக்கம் வரும் என்று நினைத்தார். இன்றைக்கு வராது, வெட்கத்தில் செத்தாலும் வராது என்று கண்ணை மூடினார்.

தோளைப் பிடித்து உலுக்கினார்கள். மென்மையாக அல்ல. கண்ணைத் திறந்தபோது மருத்துவரின் முகம் மிக அருகில் இருந்தது. வாய் காய்ந்திருந்தது. கன்னத்தில் எச்சில் வழிந்திருந்தது. யாராவது சிரிக்கிறார்களா என்றுதான் முதலில் பார்த்தார். யாரும் சிரிக்கவில்லை. ஆலோசகர் தன் வாயைப் பொத்திக்கொண்டிருந்தார்.

"மாத்திரைய இப்பவே நிறுத்துங்க" என்றார் மருத்துவர் நர்ஸிடம். கட்டில் விளிம்பில் உட்கார்ந்துகொண்டார்.

"கழுத்துல சேர்ந்த கொழுப்பு, படுத்தா மூச்சுக் குழல அமுக்குது. மூச்சு நின்னு நின்னு வருது. ராத்திரி பூரா நீங்க தூங்கறதே இல்ல, அதனால பகல்ல கண்ணு சொக்குது. நாங்க குடுத்த மாத்திரை அத இன்னும் மோசமாக்கியிருக்கு. இன்னும் கொஞ்ச நாள் குடுத்திருந்தா..."

"கல்லீரல் சார்?" என்றாள் மனைவி.

"குடிக்காதவங்களுக்கும் வரும்மா. எடை, இனிப்பு. படத்துல ரெண்டும் ஒண்ணாத்தான் தெரியும். நான் கேட்டிருக்கணும்." பிறகு அவரிடம் சொன்னார். "இதுக்கு வைத்தியம் இருக்குய்யா. தூங்கறப்ப முகத்துல ஒரு மாஸ்க் போட்டுக்கணும், அது காத்த உள்ள தள்ளும். எடையக் குறைக்கணும், அதுக்குச் சாப்பாட்ட எப்படி மாத்தறதுன்னு சொல்லித்தருவாங்க. ஒழுங்கா செஞ்சா, பரிசோதனை பண்ணிட்டு, வண்டிகூட ஓட்டலாம். மொதல்லயே உண்மையச் சொல்லியிருந்தா இந்நேரம் பாதி சரியாயிருக்கும்."

வண்டிகூட ஓட்டலாம் என்றதும் அவர் எழுந்து உட்கார்ந்தார். எல்லோர் முகமும் இளகியிருந்தது. பெயிண்டர் சொன்னார், "பாவம்ண்ணே நீங்க. வியாதிக்காரரப் போய்க் குடிகாரர்னு நெனச்சோம்." மனைவி கைக்குட்டையை எடுத்து அவர் கன்னத்தைத் துடைத்தாள். பலர் முன்னால் அவள் அப்படிச் செய்தது அதுதான் முதல் முறை.

"வண்டியில தூக்கம் வந்தது அன்னிக்குத்தான் மொதத் தடவையா?" என்று கேட்டார் மருத்துவர். கேட்டே ஆக வேண்டிய கேள்வி. பதில் ஏற்கனவே தெரிந்ததுபோல்தான் கேட்டார்.

ஆமாம் என்றால் போதும். தலையை ஆட்டினாலே போதும். எப்படி ஆட்டுவது என்று அவருக்குத் தெரியும்.

"இல்ல" என்றார்.

"எப்பவாவது வருமா?"

"தெனமும் வரும். காலை நடையில. நேர் ரோடு ஆரம்பிக்கற எடத்துல. கண்ண மூடுவேன், தெறக்கறப்ப பாலம் வந்திருக்கும்."

"யார்கிட்டயாவது சொன்னீங்களா?"

"இல்ல."

கன்னத்தில் கைக்குட்டை நின்றது.

"காலை நடையிலயா?" என்றாள் மனைவி. "பாப்பாவ ஸ்கூலுக்கு ஏத்திட்டுப் போறதுலயா?"

அவர் ஆமாம் என்றார்.

"அவ ஸ்கூல் பாலத்துக்கு அந்தப் பக்கம் சார், கம்பெனி வர்றதுக்கு முன்னாலயே எறங்கிடுவா" என்று மருத்துவரிடம் சொன்னாள். யாரோ வழி கேட்டதற்குச் சொல்வதுபோல் சொன்னாள். "டிரைவர் சீட்டுக்குப் பின்னாலயே உக்காருவா. அப்பா பக்கத்துலதான் இருப்பேன்னு."

அவள் வார்டைக் கடந்து மாடிப்படியில் இறங்கும் சத்தம் கேட்டது. மருத்துவர் எழுந்து நர்ஸிடம் ஏதோ சொல்லத் தொடங்கினார். பெயிண்டர் தன் கட்டிலுக்குப் போய், முதுகைக் காட்டிப் படுத்துக்கொண்டார். அவர் மட்டும் உட்கார்ந்திருந்தார். நன்றாக விழித்திருந்தார்.